கையுறைப் பிரிவில் ரிசர்வ்

ஆவடி,
ஜனவரி 6

தம்பி பாலுவுக்கு,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்துப்போனார்கள் என்று பயப்படாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். போன் செய்தால் உன் உதவியாளர் சம்பத் எடுத்து, "ஐயா கூட்டத்துல இருக்காரும்மா" என்கிறார். நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் நீ கூட்டத்தில் இருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

ராணுவத்துக்குத் துணி தைக்கிற நம் பாக்டரியை அரசாங்கம் கம்பெனியாக மாற்றியபோது நாங்கள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டுப் பட்டினி கிடந்தோம். நீ வந்து மைக்கைப் பிடித்து, "ஒரு வேலைகூடப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றாய். எங்களோடு தைத்தவன், எங்கள் சங்கத்தில் செயலாளராக இருந்தவன், இப்போது எம்.பி. ஆகிவிட்டவன் சொல்கிறானே என்று பந்தலைப் பிரித்தோம். அதற்குப் பிறகு நிரந்தர வேலைகள் ஒவ்வொன்றாகப் போய் ஒப்பந்தம் வந்தது உனக்கே தெரியும். உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கௌதம் கல்யாணத்துக்கும் வரவில்லை. அது தப்பு. உன் மேல் இருந்ததை உன் பிள்ளை மேல் காட்டியிருக்கக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியிலிருந்து எங்கள் கையுறைப் பிரிவுக்கு வருகிற துணி பாதியாகிவிட்டது. பிரிவில் எழுபத்தொரு பெண்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. புது ஆர்டர் வந்தால் நீட்டிப்பார்கள், வராவிட்டால் அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். பனிமலையில் காவல் நிற்கிற சிப்பாய்களுக்கு அறுபதாயிரம் ஜோடி கையுறை வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதை எங்களுக்கு வாங்கித் தா. எனக்காகக் கேட்கவில்லை, நான் நிரந்தரம். அந்தப் பெண்களுக்காகக் கேட்கிறேன்.

பாதுகாப்புத் துறை அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற நாடாளுமன்றக் குழுவில் நீ இருப்பதாகப் பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள். படத்தில் தொப்பை தெரிகிறது.

கஸ்தூரி


புது தில்லி,
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கவரைப் பிரிக்காமல் அரை நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். திட்டு இருக்கும் என்று தெரியும். நீ எழுதியிருப்பதைவிட அதிகமாக எதிர்பார்த்தேன். சம்பத்திடம் சொல்லிவிட்டேன், இனி நீ கூப்பிட்டால் நான் கூட்டத்தில் இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டே இரு. போனில் பேசினால் நான் மேடையில் பேசுகிற மாதிரி பேசிவிடுகிறேன். வீட்டில் இவளே சொல்கிறாள்.

தொப்பை உண்மைதான். இங்கே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முந்திரி வைக்கிறார்கள்.

அக்கா, உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் குழுவால் யாருக்கும் ஆர்டர் கொடுக்க முடியாது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவர்கள் பதில் சொல்வார்கள். கடைசியில் ஒரு அறிக்கை எழுதுவோம். அதை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம், ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு எம்.பி.யின் கையில் இருப்பது இவ்வளவுதான். இதைத் தொகுதியில் சொன்னால் எவன் ஓட்டுப் போடுவான்? அதனால் சொல்வதில்லை. அன்றைக்குப் பந்தலிலும் சொல்லவில்லை.

ஆனால் கேட்கிற இடத்தில் கேட்டால் சில நேரம் அசையும். பிப்ரவரி மூன்றாம் வாரம் அதிகாரிகள் வருகிறார்கள். ஆவடிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறேன். அங்கே நிலைமை எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. ஒரு நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று எழுது.

கௌதம் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தாலி கட்டுகிற நேரத்தில்கூட வாசலைப் பார்த்தான். குத்திக்காட்டவில்லை, உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பாலு


ஆவடி,
ஜனவரி 28

பாலு,

ஒரு நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று கேட்டாய். ஒன்றும் நடக்கவில்லை.

காலையில் வருகிற துணி பதினோரு மணிக்குத் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மெஷினை நிறுத்தக்கூடாது என்று சார்ஜ்மேன் தங்கவேல் சொல்லியிருக்கிறார். பெரிய அதிகாரி யாராவது சுற்றி வந்தால் சத்தம் கேட்க வேண்டுமாம். அதனால் நூல் கோக்காமல் கழிவுத் துணியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். துணி முழுக்க ஊசி ஓட்டைதான். நான் என் செக்கிங் மேசையில் முத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முத்திரை விழாமல் ஒரு ஜோடி வெளியே போகக்கூடாது என்பது சட்டம், ஆனால் போவதற்கு ஜோடி வேண்டுமே.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிற லாவண்யா என்று ஒரு பெண். கை அவ்வளவு வேகம். வேலைக்கு வைக்கிற தையல் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி உள்ளே வந்தவள். புருஷன் இல்லை. அம்மாவும் ஒன்றாவது படிக்கிற மகளும் இவள் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். நேற்று என்னிடம் வந்து, "இன்னாக்கா இது, நூலே இல்லாம தெச்சிகினு கீறோம். ஊட்டுக்குப் போனா எம் பொண்ணு, இன்னிக்கி எத்தினி தெச்சம்மான்னு கேக்குது" என்றாள்.

"இன்னா சொன்ன?"

"நாலு ஜோடின்னேன். வேற இன்னாத்த சொல்றது?"

இவ்வளவுக்கும் மாதக் கடைசியில் மூவாயிரம் ஜோடி, ஒன்றுகூடக் குறையாமல், பிரிவிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிசர்வ் இருக்கிறது. துணி நிறைய வந்த மாதங்களில் மூவாயிரத்து முந்நூறு, நானூறு என்று தைத்துவிட்டு, மூவாயிரத்தை மட்டும் அனுப்பி, மிச்சத்தைக் கட்டிங் மேசைக்குப் பின்னாலிருக்கிற பீரோக்களில் அடுக்கிவைத்தோம். இப்போது அதிலிருந்து எடுத்து முத்திரை குத்தி அனுப்புகிறோம். பெட்ரோல் தீர்ந்த பைக் ரிசர்வில் ஓடுகிற மாதிரி என்று நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். நீ மூன்றாம் மேசையில் தைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு மாதம் துணி வராமல் எல்லோருக்கும் சம்பளம் வெட்டினார்களே, அதற்கு அடுத்த மாதம் நீ ஆரம்பித்து வைத்தது. இருபது வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஒப்பந்தப் பெண்கள் வந்த பிறகு இது இன்னும் கட்டாயமாகிவிட்டது. ஒரு மாதம் குறைந்தால், இந்தப் பிரிவுக்கு இத்தனை பேர் எதற்கு என்று ஆரம்பிப்பார்கள். தங்கவேலுக்கும் தெரியும், அந்தப் பக்கம் திரும்பமாட்டார். இதை எங்கேயும் சொல்லிவைக்காதே. ரிசர்வும் மார்ச் வரைதான் தாங்கும்.

கௌதமைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

கஸ்தூரி


புது தில்லி,
பிப்ரவரி 21

அக்கா,

குழுவில் பேசியதை அறிக்கை வருகிறவரை வெளியே சொல்லக்கூடாது. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அதிகாரிகள் நேற்று வந்தார்கள். என் முறை வந்ததும் கேட்டேன். அறுபதாயிரம் ஜோடி கையுறையை ஆவடிக்கு ஏன் கொடுக்கவில்லை, அங்கே ஆள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது என்று நன்றாகவே பேசினேன். பதில் சொன்ன அதிகாரி மரியாதையான மனிதர். எதிரில் தாளை வைத்துக்கொண்டு படித்தார். ஆவடியிலிருக்கிற அந்தப் பிரிவு எத்தனையோ வருஷமாக ஒரு மாதம்கூட இலக்கு தவறவில்லையாம். முழுத் திறனில் ஓடுகிறதாம். அதற்கு மேல் ஒரு ஜோடிகூட அதன் தலையில் ஏற்ற முடியாதாம். அதனால்தான் வெளியே ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கிறார்களாம்.

எந்தப் பிரிவுக்கு எவ்வளவு துணி போனது என்கிற விவரம் இங்கே வருவதில்லை. முடித்து அனுப்பிய எண்ணிக்கை மட்டும்தான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த தாளில் இருந்ததைப் படித்தார்.

அவர் முடித்ததும் மற்ற உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இவ்வளவு உழைக்கிறார்களே என்று என் தொகுதிக்காரர்களுக்குப் பாராட்டு. நானும் தட்டினேன் அக்கா.

தட்டிவிட்டு உட்கார்ந்தேன். அது நான் வைத்த ரிசர்வ் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, முத்திரை யாருடையது என்பதுதான். அது உன்னுடையது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. மார்ச் மாதம் அறிக்கையை முடிக்கும்போது, ஒத்துக்கொள்ளாத உறுப்பினர் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். அது அறிக்கையோடு சேர்ந்து அச்சாகும். அரசாங்கம் அதைப் பார்க்காமல் தள்ள முடியாது. ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை, ஏப்ரலில்தான் என்கிறார்கள். எழுதினால் பாதியாவது ஆவடிக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. என்ன செய்யட்டும், நீ சொல்.

பாலு


ஆவடி,
பிப்ரவரி 27

பாலு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பத்து முறை படித்தேன். வேலை போய்விடக் கூடாது என்று நாங்கள் ஒளித்துவைத்தோம். ஒளித்துவைத்ததால் வேலை போகிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. சிரிப்பு வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

கேன்டீனில் பெண்களை உட்கார வைத்துச் சொன்னேன். குழு என்றெல்லாம் சொல்லவில்லை, ஆர்டர் ஏன் வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து வருகிற ஜோதிகா, "அக்கா, நம்மளயே புடிச்சி உள்ள போட்டாங்கன்னா?" என்றாள். லாவண்யாதான், "போடட்டும்டி. இப்ப மட்டும் இன்னா வாழுது? மார்ச்சு முடிஞ்சா எல்லாரும் வெளிலதான். சொல்லிட்டு வெளில போலாம்" என்றாள். பிறகு எல்லோரும் எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார்கள். நூல் இல்லாமல் ஓட்ட.

தங்கவேலிடமும் சொன்னேன். "நீ இன்னா வோணா எழுதிக் குட்த்துக்கோம்மா. என்ன கேட்டா, எனக்கு அந்தப் பக்கம் பீரோ கீறதே தெரியாதுன்னுவேன்" என்றார். அவருக்கு மூன்று பெண்கள், பாவம்.

நீ எழுது. அந்தப் பெண்களின் பெயர் ஒன்றும் வேண்டாம். என் முத்திரை எண் 14, அதை எழுது, என் பெயரையும் எழுது. எனக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருக்கிறது. விசாரணை வைப்பார்கள், பென்ஷனில் கை வைப்பார்கள். வைக்கட்டும். நான் தனிக்கட்டை, ஒரு படி அரிசி எத்தனை நாள் வருமென்று எனக்குத் தெரியும்.

நானே இங்கே ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். இங்கே கொடுத்தால் அது இங்கேயே ஒரு பைலுக்குள் படுத்துக்கொள்ளும். நீ கொடுத்தால் அச்சாகும், பதில் சொல்லியாக வேண்டும் என்று நீயே சொல்கிறாய். அதனால் நான் காத்திருக்கிறேன். எழுபத்தொரு பேரும் காத்திருக்கிறார்கள்.

கஸ்தூரி


புது தில்லி,
மார்ச் 19

அக்கா,

அறிக்கை நேற்று அவையில் வைக்கப்பட்டது. நீ எப்படியும் தேடிப் பார்ப்பாய். அதில் என் குறிப்பு இல்லை.

எழுதினேன். மூன்று பக்கம் எழுதினேன். துணி பாதியானது, நூலில்லாமல் மெஷின் ஓடுவது, ரிசர்வ், எல்லாம் எழுதினேன். உன் பெயரை எழுதி அடித்தேன், மறுபடி எழுதினேன். கொடுக்க இரண்டு நாள் அவகாசம். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். நாலே முக்காலுக்கு அந்த அலுவலக வாசலில் கையில் கவரோடு நின்றேன். தட்டச்சு செய்த சம்பத்தும் கூட வந்திருந்தான். வாசலில் வைத்து, "ஐயா, இத்த ஆரம்பிச்சது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. இன்னா சொல்லப் போறீங்க?" என்றான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து மணி ஆனது. கதவைச் சாத்தினார்கள்.

உன்னைக் காப்பாற்றத்தான் திரும்பி வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி நான். தேர்தலில் எனக்கு எதிராக நிற்கிறவன் இதை வைத்தே ஊர் ஊராகப் பேசுவான். பொய்யாக உழைக்கக் கற்றுக்கொடுத்தவன் என்பான்.

சும்மாவும் இருக்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வைத்தேன். "ஆவடியிலுள்ள தையல் பிரிவுகளின் உண்மையான பணிச்சுமையை அமைச்சகம் உரிய காலத்தில் மறு ஆய்வு செய்யலாம் என்று குழு கருதுகிறது." செய்ய வேண்டும் என்று போடச் சொல்லி அரை மணிநேரம் வாதாடினேன். முடியவில்லை. ஆனாலும் ஆவடி என்கிற பெயர் அதில் வந்திருக்கிறது.

ஆவடிக்குப் பக்கத்தில் பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பத்துப் பேருக்கு வேலை கேட்டிருக்கிறேன். எழுபத்தொரு பேருக்கு என்னால் முடியாது. பத்துப் பேரை நீ சொல்.

பாலு


ஆவடி,
ஏப்ரல் 5

பாலு,

31ஆம் தேதி மதியம் தங்கவேல் பட்டியலைப் படித்தார். ஒவ்வொருத்தியாக வந்து அட்டையை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அழவில்லை. ஜோதிகா, இந்த மாதம் டாக்டரிடம் காட்ட இ.எஸ்.ஐ. இருக்குமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். மூன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் ஒரு வரியை லாவண்யாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "இத்த வச்சிகினு இன்னாக்கா பண்றது?" என்றாள். பாடி கம்பெனியில் பத்து இடம் என்றேன். "அந்தப் பத்து பேரு யாருன்னு நீ சொல்லுவியா, நான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, "எனக்கு வோணாம்க்கா. ஜோதிகாவ எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன். மற்ற ஒன்பது பெயரை இன்னும் எழுதவில்லை. யாரை எழுதுவது, நீயே சொல்.

மறுநாள் பிரிவுக்குப் போனோம். நிரந்தரக்காரர்கள் ஒன்பது பேர். இத்தனை மெஷினுக்கு நடுவில் ஒன்பது பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு நான் எழுந்து ஆபீஸுக்குப் போய், எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தைக் கொடுத்தேன். கூடவே பீரோ சாவிகளையும் கொடுத்தேன். உள்ளே இன்னும் நூறு ஜோடிக்கு மேல் இருக்கிறது.

அதிகாரி படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது? எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றார். நல்லபடியாகத்தான் கேட்டார். அடுத்த ஆர்டர் எப்போது வந்தாலும், ஆவடியால் முடியுமா என்று யாராவது தாளை எடுத்துப் பார்ப்பார்கள், அன்றைக்குத் தாளில் உள்ளது உண்மையாக இருக்கட்டும் என்றேன். அவர் முத்திரையைக் கொடுங்கள் என்றார். அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்று மாலையே சஸ்பெண்ட் ஆர்டரைக் குவார்ட்டர்ஸ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி வந்து படித்துவிட்டு, டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள்.

எனக்கு உன்மேல் கோபம் வர வேண்டும். நாலைந்து நாளாகப் பார்க்கிறேன், வரவில்லை. வயிறு பசிக்கிறது, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். லாவண்யா வீட்டுக்கு ஒரு நடை போக வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. என்னைக் காப்பாற்று என்று நான் உன்னைக் கேட்கவில்லை பாலு. அவர்களைக் காப்பாற்று என்றுதான் கேட்டேன்.

அந்த நான்கு பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. இந்த வழக்கத்தை ஆரம்பித்தது அப்போது மூன்றாம் மேசையில் தைத்த என் தம்பி பால்ராஜ், இப்போது இந்தத் தொகுதியின் எம்.பி. என்று எழுதியிருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை, யார் சம்பளமும் குறையக்கூடாது என்றுதான் ஆரம்பித்தான் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் உண்மைதானே.

விசாரணை 21ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு. உன்னைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லி நான்தான் கேட்டேன். நீ வரலாம், வராமலும் இருக்கலாம். எம்.பி.க்கு அதற்கெல்லாம் ஏதாவது சலுகை இருக்கும். வருவதானால் முதல் நாளே வந்து வீட்டில் தங்கு, கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வராதே. அப்படி ஒரு வழக்கமே எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதானால் மட்டும் இப்போதே எழுதிப் போட்டுவிடு. எதிரில் உட்கார்ந்து உன் வாயால் அதைக் கேட்க என்னால் முடியாது.

அக்கா
கஸ்தூரி